செத்தவீட்டில் ஒரு நண்டுக்கறி

சென்ற சனிக்கிழமை அச்சுவேலிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். தராசுக்குப் பின்னால் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எங்கேயோ கண்ட முகம் என்று யோசிக்கிறார் என்பது தெரிந்தது.

எனக்குக் கொஞ்சம் உச்சி குளிர்ந்தது. பதினாறு வருடமாக இந்தப் பக்கத்தில் வாராவாரம் உங்களோடு கதைக்கிறேன். மேலே முத்திரை அளவில் என் படமும் போடுகிறார்கள். இதுவரை ஒரு கடைக்காரரும் என்னை அடையாளம் கண்டதில்லை. இன்றைக்காவது ஒருவர்...

“நீங்கள் அந்த நண்டுக்கறி மனுசியின்ரை புருசனல்லோ?” என்று கேட்டார்.

ஓம் என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல? அவர் கத்தரிக்காயை நிறுத்துப் பையில் போட்டார். மிச்சக் காசை என் கையில் தரவில்லை. பலகையில் வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

அந்த நண்டுக்கறியின் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். உங்களில் பலர் அதைப் போனில் பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு, ‘சீ’ என்று சொல்லிவிட்டு, நாலு பேருக்கு அனுப்பியும் இருப்பீர்கள். கோபமில்லை. கோபப்படுகிற தெம்பு என்னிடம் இப்போது இல்லை.

முதலில் எங்கள் வீட்டுப் பிழைப்பைச் சொல்லவேண்டும்.

என் மனைவி சுகந்தி சமையல் வீடியோ போடுகிறாள். ஒரு நிமிடத்துக்குள் முடிகிற சின்ன வீடியோ. சாமான் விலை எல்லாம் மேலே ஏற, என் வருமானம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்த காலத்தில் தொடங்கினோம். நான் ஒரு ரியூசன் நிலையத்தில் தமிழ் படிப்பிக்கிறவன். பத்தி எழுதி எனக்கு என்ன கிடைக்கிறது என்பது ஆசிரியருக்கும் எனக்கும் இடையிலான ரகசியம். அது அப்படியே இருக்கட்டும். மகள் மட்டக்களப்பில் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிறாள். சுகந்திக்குக் கையில் இருந்த ஒரே சொத்து அவளுடைய கைப்பக்குவம்.

ஒரு நிமிட வீடியோ எடுக்க ஒரு நிமிடம்தானே ஆகும் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வெங்காயம் வெட்டுவதை மேலிருந்து ஒரு தடவை எடுக்கவேண்டும், பக்கத்திலிருந்து ஒரு தடவை எடுக்கவேண்டும். தாளிக்கிற நேரம் அடுத்த வளவில் நாய் குரைத்தால் திரும்பத் தாளிக்கவேண்டும். வெயில் ஏறினால் முகத்தில் நிழல் விழும். மேகம் மூடினால் குழம்பின் நிறம் தெரியாது. எல்லாம் முடிந்து அவள் ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, “ஆகா” என்று சொல்லவேண்டும். அந்த ஆகாவை நாலு தடவை சொன்னால்தான் ஒன்று சரியாக வரும். நாலாவது ஆகா வரும்போது கறி ஆறி, மேலே எண்ணெய் படிந்து கிடக்கும். சுடச்சுடச் சாப்பிட்டு இரண்டு வருடத்துக்கு மேலாகிறது எங்கள் வீட்டில்.

போனைப் பிடிப்பது நான். வலது தோள்மூட்டு போய்விட்டது. ஒரு தாங்கி வாங்கினோம். அதில் வைத்தால் அடுப்பின் ஆவி பட்டுக் கண்ணாடி மங்குகிறது. ஆகவே தோள்மூட்டுத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று நாலு வீடியோவைச் சேர்த்து எடுத்துவிடுவோம். ஒவ்வொன்றுக்கும் வேறு சேலை. பார்க்கிறவர்களுக்கு வேறு வேறு நாள் போலத் தெரியவேண்டும் அல்லவா? பிறகு அவற்றை வெட்டி ஒட்டி, எந்த நாள், எந்த நேரம் வெளியே போகவேண்டும் என்று போனில் நேரம் வைத்துவிடுவது என் பொறுப்பு. சுகந்தி அந்தப் பக்கமே வரமாட்டாள். சமைப்பது அவள், அனுப்புவது நான். நேரம் வைத்துவிட்டால் நாங்கள் நித்திரையாய்க் கிடந்தாலும் வீடியோ தன்பாட்டில் போகும். பெரும்பாலும் பின்னேரம் ஆறரைக்கு வைப்பேன். லண்டனில் மத்தியானம், கனடாவில் காலை. எங்கள் கறியைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

இன்னொரு சங்கதியும் உண்டு. நாங்கள் போடுகிற செயலி இங்குள்ளவர்களுக்குப் பணம் தராது. பக்கத்தை வெளிநாட்டில் இருக்கிற ஒருவரின் பெயரில் திறக்கவேண்டும். எங்கள் பக்கங்களில் இந்தத் தொழில் செய்கிற அநேகம் பேர் இப்படித்தான். அடுப்பு இங்கே எரியும். கணக்கு அங்கே ஒரு மச்சானின் பெயரிலோ மாமாவின் பெயரிலோ இருக்கும். ‘சுகந்தியின் அடுப்படி’ என்ற எங்கள் பக்கம் மாலினியின் பெயரில் இருந்தது.

மாலினி என் சித்தப்பாவின் ஒரே மகள். ரொறன்ரோவில் இருக்கிறாள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. தங்கச்சி என்றால் அவள்தான். மாதம் பிறந்தால் வந்த பணத்தைச் சதம் குறையாமல் அனுப்பிவிடுவாள். அதோடு, எங்கள் ஒவ்வொரு வீடியோவும் அவளுடைய சொந்தப் பக்கத்திலும் தானாகவே போய் விழுகிறமாதிரிச் செய்து வைத்திருந்தாள். என்ரை மச்சாள் சமைக்கிறா என்று சிநேகிதிகளுக்குக் காட்டுவதில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

இதெல்லாம் நல்லாய்த்தானே இருக்கிறது, பிறகென்ன அலுப்பு என்று கேட்பீர்கள்.

நிறுத்த முடியாது. அதுதான் அலுப்பு.

போன வருடம் இரண்டு பேரும் காய்ச்சலில் விழுந்தோம். பதினாறு நாள் ஒன்றும் போடவில்லை. எழும்பிப் பார்த்தால் பார்க்கிற ஆட்கள் பத்தில் ஒரு பங்காகிவிட்டார்கள். பழைய நிலைமைக்கு வர மூன்று மாதம் பிடித்தது. அந்த மூன்று மாதமும் மகள் ஒரு நேரச் சாப்பாட்டைக் குறைத்தாள் என்பதைப் பிறகுதான் அறிந்தோம். அந்தச் செயலிக்கு நோய் தெரியாது, நொடி தெரியாது, நல்லநாள் பெருநாள் தெரியாது. நாலு நாள் போடாவிட்டால் எங்களை மறந்துவிடும்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

சித்தப்பா காலையில் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிவிட்டு வந்து, தேத்தண்ணி கேட்டுவிட்டு, கதிரையில் இருந்தார். சின்னம்மா தேத்தண்ணியோடு வந்தபோது அவர் இல்லை. எழுபத்தெட்டு வயது. ஒரு நாளும் பாயில் கிடக்காமல் போய்ச் சேர்ந்தார்.

மாலினி வரமுடியாது. அவளுடைய விசா அலுவல் இன்னும் முடியவில்லை. வெளிக்கிட்டால் திரும்பிப் போக விடமாட்டார்கள். போனில் அவள் அழுதது இப்போதும் காதுக்குள் கேட்கிறது. ஆண்பிள்ளை இல்லாத வீடு. கொள்ளி வைக்கவேண்டியவன் நான்தான் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். புதன்கிழமை பின்னேரம் தகனம்.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். முப்பத்தோராம் நாள் முடியுமட்டும் துடக்கு. கோயிலுக்குப் போகக்கூடாது. மச்சம் மாமிசம் வீட்டுக்குள் வரக்கூடாது. நல்ல சேலை உடுப்பதில்லை, ஒரு கொண்டாட்டமும் இல்லை. கொள்ளி வைத்தவனுக்கும் அவன் வீட்டுக்கும் இதெல்லாம் இன்னும் இறுக்கம்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் சித்தப்பா வீட்டு முற்றத்தில் வாடகைக் கதிரைகளை இறக்கிக்கொண்டு நின்றேன். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். நாளை மாலை ஆறரைக்கு உங்கள் வீடியோ வெளியாகிறது என்று செயலி ஞாபகப்படுத்தியிருந்தது. பக்கத்தில் சின்னப் படம். சிவப்புச் சேலையில் சுகந்தி. கையில் நண்டு.

நிறுத்த எவ்வளவு நேரம் ஆகும்? விரலால் இரண்டு தட்டு.

நான் தட்டவில்லை.

மறந்துபோனேன் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். ஒரு மாதம் எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள். ஆனால் நான் மறக்கவில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு யோசித்தேன். முப்பத்தொரு நாள் ஒன்றும் போடாவிட்டால் பக்கம் செத்துவிடும். பதினாறு நாளுக்கே மூன்று மாதம் என்றால், இதற்கு எத்தனை மாதம்? மகளுக்கு இது கடைசி வருடம். ஏற்கெனவே எடுத்து வைத்தது தன்பாட்டில் போகட்டும், நாங்கள் புதிதாக ஒன்றும் எடுக்கப்போவதில்லையே என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். செத்தவீட்டில் யார் போன் பார்க்கப்போகிறார்கள் என்றும் நினைத்தேன். எவ்வளவு மடத்தனம் பாருங்கள். செத்தவீட்டில்தான் எல்லாரும் போன் பார்க்கிறார்கள். கதிரையில் சும்மா இருக்கிறவனுக்கு வேறு என்ன வேலை? மாலினியின் பக்கத்திலும் அது போய் விழும் என்பது மட்டும் அந்த நேரம் என் புத்திக்கு எட்டவேயில்லை. போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுக் கதிரைகளை அடுக்கப் போனேன்.

புதன்கிழமை கொள்ளி வைத்தேன். சுடலையால் வந்து, முழுகி, ஈர வேட்டியோடு முற்றத்தில் இருந்தேன். பெண்கள் வீடு கழுவி முடித்திருந்தார்கள். சுகந்தி சின்னம்மாவின் பக்கத்தில், அவருடைய கையைப் பிடித்தபடி இருந்தாள். இரண்டு நாளாக அவளும் ஒன்றும் சாப்பிடவில்லை. மணி ஆறரை.

அந்த வீடியோவைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பக்கத்தில் ஒரு லட்சம் பேர் சேர்ந்த சந்தோசத்தில் எடுத்தது. கொழும்புத்துறையிலிருந்து நல்ல சதை நண்டாகத் தேடி வாங்கி வந்திருந்தேன். சிவப்புச் சேலை, தலையில் பூ. நண்டுக்காலைப் பல்லால் கடித்து உடைத்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு சொல்கிறாள்: “இண்டைக்கு எங்கடை வீட்டிலை பெரிய கொண்டாட்டம்.”

முதலில் பாரிசிலிருந்து யாரோ அழைத்தார்கள். பிறகு கதிரைகளில் இருந்தவர்களின் போன்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒருவர் மற்றவருக்குக் காட்டினார். சத்தம் குறைந்து, குசுகுசுப்பு எழும்பி, அது கூடத்துக்குள் போனது. சின்னம்மாவின் தங்கை பரிமளம் அன்ரி எழும்பி வந்து போனைச் சுகந்தியின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“மாமன் சுடலையிலை வேகேக்கை நீ இஞ்சை நண்டு உடைக்கிறாய்.”

இது போன கிழமை எடுத்தது அன்ரி, போன கிழமை எடுத்தது என்று சுகந்தி திரும்பத் திரும்பச் சொன்னாள். யார் கேட்டார்கள்? போனுக்குள் அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

நான் உள்ளே ஓடி, ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து போனை எடுத்து அந்த வீடியோவை அழித்தேன். வரிசையில் இருந்த மற்ற இரண்டையும் அழித்தேன். வெளியாகி அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. ஆனால் அதற்குள் ஆட்கள் எடுத்து வைத்துவிட்டார்கள். அன்றிரவுக்குள் முன்பின் தெரியாத பக்கங்களில் எல்லாம் அது ஓடியது. சோகப் பாட்டுப் போட்டு, ‘இவளும் ஒரு மருமகளா’ என்று மேலே எழுதி ஓடியது. எங்கள் பக்கத்தில் எந்த வீடியோவும் அவ்வளவு ஓடியதில்லை. எங்களுடைய பாவத்தில் யார் யாரோ உழைத்தார்கள்.

இந்தத் தொழிலில் நான் கற்ற ஒரே பாடத்தைச் சொல்கிறேன். திட்டுவதற்காகப் பார்த்தாலும் அது பார்வைதான். காறித் துப்பிவிட்டு மற்றவருக்கு அனுப்பினாலும் அது அனுப்பியதுதான். எங்கள் சனம் ஒன்றை ஆசையாய்ப் பார்ப்பதைவிட ஆத்திரமாய்ப் பார்ப்பது அதிகம். செயலிக்கு இரண்டும் ஒன்றுதான், காசும் ஒரே காசுதான்.

மாலினி அழைத்தாள். என்னை அல்ல, சுகந்தியை. சுகந்தி போனைக் காதில் வைக்காமல் ஸ்பீக்கரில் போட்டாள். நானும் கேட்டேன்.

“மச்சாள், அப்பாவுக்கு மாலை போட்ட படம் போட்டனான். அதுக்குக் கீழை நீங்கள் சிரிச்சுக்கொண்டு நிக்கிறியள்.”

அவ்வளவுதான் சொன்னாள். வைத்துவிட்டாள்.

சுகந்தி என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அழவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“நீங்கள் மறந்துபோனியளோ?”

“ஓம்” என்றேன்.

ஒரு சொல். சின்னச் சொல். பதினாறு வருடமாக இந்தப் பக்கத்தில் லட்சக்கணக்கில் சொற்கள் எழுதியிருக்கிறேன். அவற்றில் எதற்கும் இவ்வளவு விலை கொடுத்ததில்லை. அவள் தலையை ஆட்டினாள். செத்தவீட்டு அந்தர அவசரத்தில் யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும் என்று எனக்காக அவளே சமாதானம் சொன்னாள். கேட்டவர்களுக்கும் அப்படியே சொன்னாள். நாங்கள் மறந்துபோனோம், எங்கடை பிழை என்றாள். அப்படியும் ஊர் விடவில்லை. வீடியோவில் சிரித்தது அவள், ஏச்சும் அவளுக்குத்தான். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கொள்ளி வைத்த பிள்ளை என்று மரியாதையாகத்தான் பார்த்தார்கள்.

எட்டாம் நாள், செலவு என்று நாங்கள் சொல்கிற சடங்கு. சித்தப்பாவுக்குப் படைக்கவேண்டும். எங்கள் குடும்பத்தில் எந்தப் படையல் என்றாலும் அடுப்படிப் பொறுப்பு சுகந்திக்குத்தான். படைப்பதற்கு முன்னால் ருசி பார்க்கக்கூடாது அல்லவா? நாக்கில் வைக்காமல், மணத்திலேயே உப்பு அளவு சொல்ல அவளை விட்டால் ஆளில்லை என்று சித்தப்பாவே சொல்வார். அன்று விடியக்காலமே தலை முழுகி, பழஞ்சேலை உடுத்து, தன் கத்தியையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

சின்னம்மா கூடத்து மூலையில் இருந்தார். ஒரு கிழமையாக அவர் யாரோடும் கதைக்கவில்லை. சுகந்தி அடுப்படி வாசலில் கால் வைத்தபோது வாய் திறந்தார்.

“நீ உள்ளுக்கு வராதை, பிள்ளை.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. களைத்துப்போன குரலில் சொன்னார். சுகந்தி கத்தியைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். முற்றத்தில், பந்தலுக்குக் கீழே, வந்துபோகிற விருந்தாளிகளோடு விருந்தாளியாக ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தாள். சாப்பிடவில்லை. நான் ஆண்களின் வரிசையில் இருந்து சாப்பிட்டேன். இரண்டாம் தரம் சோறும் வாங்கினேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் வாங்கினேன்.

அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை. கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து சின்னம்மாதான் அவளுக்குத் தாய். பக்கம் போனால் போகட்டும், காசு போனால் போகட்டும், மாமி என்னை அடுப்படிக்குள் விடவில்லையே என்று ஒரு நாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது சொன்னாள். எனக்குச் சொல்லவில்லை. தேங்காய்க்குச் சொன்னாள்.

அந்த மாதம் முழுக்க ஒன்றும் போடவில்லை. போன் மேசையில் கவிழ்ந்து கிடந்தது. மாலினி நினைத்திருந்தால் அங்கிருந்தே பக்கத்தை மூடியிருக்கலாம். மூடவில்லை. தன் பக்கத்தோடு இருந்த இணைப்பை மட்டும் வெட்டிவிட்டிருந்தாள். வழமையான நாளில் பணம் வந்தது. அதோடு எப்போதும் வருகிற நலம் விசாரிப்பு வரவில்லை.

முப்பத்தோராம் நாள் கீரிமலையில் துடக்குக் கழிக்கிற அந்தியேட்டி. ஐயர் சொல்லச் சொல்லக் கிரியை செய்தேன். தர்ப்பையை விரலில் போட்டுக்கொண்டு, எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டு, சித்தப்பாவின் பெயரைச் சொன்னேன். சுகந்தி தள்ளி நின்றாள். பூத்தட்டை எடுத்துக்கொண்டு அவள் கிட்ட வந்தபோது பரிமளம் அன்ரி அதை வாங்கவில்லை. தட்டு கொஞ்ச நேரம் அப்படியே அவள் கையில் இருந்தது. பிறகு அவளே நிலத்தில் வைத்தாள்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. திரும்பி வரும் வழியில், தெல்லிப்பழை தாண்டி, ஒரு தோட்டக்கரையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். என்ன, பெற்றோல் முடிந்துவிட்டதா என்று கேட்டாள்.

“இல்லை. நான் மறக்கேல்லை, சுகந்தி. தெரிஞ்சுதான் விட்டனான்.”

அவள் இறங்கவில்லை. பின்னால் இருந்தபடியே, என் முதுகுக்குக் கேட்டாள்.

“எப்ப பாத்தனீங்கள்?”

“செவ்வாய்க்கிழமை பின்னேரம். கதிரை இறக்கேக்கை.”

“அப்ப ஒரு நாள் முழுக்க நேரம் இருந்திருக்கு.”

ஏசவில்லை, அழவில்லை. வீட்டுக்குப் போவோம் என்றாள். என் தோளில் வைத்திருந்த கையை மட்டும் எடுத்துவிட்டாள். வீடு வருமட்டும் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாடு போட்டாள், தேத்தண்ணி தந்தாள், உப்புப் புளி எல்லாம் சரியாக இருந்தது. கதைதான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்படியில் இருந்து கூப்பிட்டாள். வழமையாக அவள் நிற்கிற இடத்தில் ஒரு முக்காலி போட்டிருந்தது. அடுப்பு மூட்டவில்லை. போன் அவளுடைய கையில் இருந்தது.

“இருங்கோ. ஊருக்குச் சொல்லுங்கோ.”

எழுதுகிறவனுக்கு எழுதத்தான் வரும். கொஞ்சம் பொறு என்று சொல்லி, மேசைக்குப் போய், மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். தொழில்நுட்பம் மனித உறவுகளை எப்படிக் குலைக்கிறது என்று தொடங்கியிருந்தேன். அவள் முதல் பக்கத்தை வாசித்தாள். மற்ற இரண்டையும் வாசிக்காமல் மூன்றையும் மடித்து அடுப்புக்குள் செருகினாள். ஒரு நிமிடம்தான் இருக்கிறது, போட்டது யார் என்று மட்டும் சொன்னால் போதும் என்றாள்.

எத்தனை தரம் எடுத்தோம் என்று நினைக்கிறீர்கள்? பதினொரு தரம். முதல் தரம் அடுத்த வளவில் நாய் குரைத்தது. இரண்டாம் தரம் ‘சூழ்நிலை’ என்றொரு சொல் வந்துவிட்டது. வேண்டாம் என்றாள். பிறகு ‘ஒரு தவறு நடந்துவிட்டது’ என்றேன். அது தானாக நடந்ததா என்று கேட்டாள். பத்தாம் தரம் எல்லாம் சரியாக வந்தது என்று நினைத்தேன். அவள் போனை இறக்கவேயில்லை.

“எங்களாலை எண்டு சொல்லிறியள். எங்களாலை இல்லை. உங்களாலை.”

பதினோராம் தரம் சொன்னேன். அந்த வீடியோவை அன்றைக்கு விட்டது நான். எனக்குத் தெரியும். நிறுத்த நேரமும் இருந்தது. நிறுத்தவில்லை. சுகந்திக்கு இது தெரியாது. அவளிடமும் பொய் சொன்னேன். மாலினி, சின்னம்மா, என்னை மன்னியுங்கள். நாற்பது விநாடிகூட வரவில்லை. இவ்வளவு சின்ன விசயத்தைச் சொல்ல ஒரு மாதமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

ஆறரைக்கு நேரம் வைப்போமா என்று கேட்டேன். இப்பவே போடுங்கோ என்றாள். போட்டேன்.

நண்டுக்கறியைப் பார்த்தவர்கள் பல லட்சம் பேர். என் மன்னிப்பை முதல் நாள் பார்த்தவர்கள் முந்நூறுக்குக் கொஞ்சம் மேல். அதிலும் பலர் சில விநாடிகளில் போய்விட்டார்கள் என்று செயலி கணக்குக் காட்டியது. கொமெண்ட் மூன்று வந்தன. அக்கா எங்கே, கறி எங்கே என்று ஒருவர் கேட்டிருந்தார். சத்தம் குறைவு என்று ஒருவர். மூன்றாமவர் ஒரு கும்பிடு போட்டிருந்தார். அது மன்னித்தேன் என்பதா, ஆளை விடு என்பதா? இன்றைக்கும் விளங்கவில்லை.

குற்றம் ஓடுகிற வேகத்தில் மன்னிப்பு ஓடாது. எங்கள் வீடியோவைத் தங்கள் பக்கங்களில் போட்டவர்களில் ஒருவர்கூட இதை எடுத்துப் போடவில்லை. போடவும் மாட்டார்கள். ஒரு ஐம்பது வயது மனிதன் முக்காலியில் இருந்து நெற்றி வியர்க்க முழிப்பதை யார் பார்ப்பார்கள்? சந்தையில் கத்தரிக்காய்க்காரர் பார்க்கவில்லை என்பதுதான் உங்களுக்கே தெரியுமே. ஊர் முழுக்க இனி அவள் நண்டுக்கறி மனுசிதான். அதை நான் எத்தனை பத்தி எழுதினாலும் மாற்ற முடியாது.

இது நடந்து மூன்றாம் நாள் காலை, சுகந்தியின் போன் அடித்தது. சின்னம்மா. அவரிடம் இருப்பது பொத்தான் அமத்துகிற பழைய போன். அதில் வீடியோ வராது. மாலினி ரொறன்ரோவிலிருந்து அழைத்து, என் குரலைப் போனுக்குப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டு, தாயைக் கேட்கச் செய்திருக்கிறாள். ஒரு தரமல்ல, இரண்டு தரமாம்.

சுகந்தி ஓம் மாமி, ஓம் மாமி என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றாள். கண்ணால் நீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. நான் பக்கத்தில் போக, கையைக் காட்டி நிறுத்தினாள். கதைத்து முடித்து, முகத்தைக் கழுவி, தன் கத்தியை எடுத்துக் கல்லில் தீட்டத் தொடங்கினாள்.

“என்னவாம் சின்னம்மா?”

“வாற புதன் மாசியம். வெள்ளன வரட்டாம். நான்தான் சமைக்கவேணுமாம். தேங்காய் தான் துருவி வைக்கிறாவாம்.”

செத்தவருக்கு மாதந்தோறும் செய்கிற மாசியத்தில் கிரியை செய்யவேண்டியவன் நான். நான் இல்லாமல் அது நடக்காது. இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“என்னைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையோ?”

சுகந்தி கத்தியைத் திருப்பி மற்றப் பக்கம் தீட்டினாள்.

“சொன்னவ. போனை வீட்டிலை வைச்சிட்டு வரட்டாம்.”